ஓராண்டு சைக்கிள் காப்பீடு: விலக்குப் பக்கத்தில் இல்லாத விலக்குகள்

சென்ற ஆண்டு 68,000 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கியபோது, கடையிலேயே அதற்குக் காப்பீடும் எடுத்துக்கொண்டேன். பிரீமியம் 2,500 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 450 ரூபாய், ஆக மொத்தம் 2,950 ரூபாய். கடைக்காரர் கையில் கொடுத்த ஒற்றைத் தாளில் திருட்டு, விபத்துச் சேதம், தீ, வெள்ளம், பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பு ஆகிய ஐந்தும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன. கீழே சிறிய எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. 22 பக்க முழுப் பாலிசி அன்று மாலையே மின்னஞ்சலில் வந்துவிட்டது. நான்தான் அதைத் திறக்காமல் பத்து மாதம் வண்டி ஓட்டினேன். இப்போது புதுப்பிக்கும் நேரம் வந்திருக்கிறது. இடையில் ஒரு கிளைமும் முடிந்து, அந்த 22 பக்கங்களையும் இரண்டு முறை படித்தும் ஆகிவிட்டது. இந்த மதிப்புரை அந்த வாசிப்பிலிருந்து எழுந்தது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பைக்குக்கும் காருக்கும் காப்பீடு எடுத்துப் பழகியவர்கள், சைக்கிளுக்கும் அதே கணக்குத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு மோட்டார் வாகனங்களுக்குத்தான் கட்டாயம். மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, பதிவு எண்ணோ ஆர்.சி. புத்தகமோ கிடையாது. எனவே வண்டி என்னுடையது என்று காட்ட, கடை ரசீதும் ஃபிரேமின் அடியில் பொறித்திருக்கும் எண்ணும்தான் சான்று. ரசீதில் அந்த எண் இல்லையென்றால் இன்றே கடைக்குப் போய் எழுதி வாங்கிவிடுவது நல்லது. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்டவை மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அந்த வரம்பைத் தாண்டும்படி வேகக் கட்டுப்பாட்டை நீக்கி ஓட்டினால், சைக்கிள் பாலிசி அந்த வண்டியைத் தன்னுடையதாகவே ஏற்காது.

இனி என் கிளைம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியைத் தாண்டிய ஓர் அதிகாலையில், குறுக்கே வந்த நாயைத் தவிர்க்கப் போய், ஓரத்து மணலில் சறுக்கி வலப்பக்கமாக விழுந்தேன். எனக்கு முழங்கை சிராய்ப்பு. வண்டியில், கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின் டீரெய்லர் வளைந்து, அதைத் தாங்கும் ஹேங்கர் முறிந்து, வலது கியர் லிவர் உடைந்து, ஹேண்டில்பார் டேப் கிழிந்து, சீட்டின் ஓரத்தில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு உறை பிளந்திருந்தது. டீரெய்லர் 4,200, ஹேங்கர் 900, லிவர் 6,800, டேப் 800, சீட் 2,400, கூலி 1,200 என்று பட்டறையில் போட்ட பில் 16,300 ரூபாய். பில்லை நீட்டிய மெக்கானிக், "சார், பழைய பார்ட்ஸ் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, சர்வேயர் கேப்பாரு" என்றார். நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் அப்படியே கேட்டார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஏழாயிரம் ரூபாயாவது மிச்சப்படுத்தியிருக்கும்.

வந்து சேர்ந்த தொகை 10,910 ரூபாய். டேப், தேய்ந்து தீரும் பொருள் என்று முழுதாக நீக்கப்பட்டது. சீட்டின் கிழிசல், ஓட்டுவதற்குத் தடையாக இல்லாத 'தோற்றச் சேதம்' என்று நீக்கப்பட்டது. மீதி உதிரிபாகங்களின் 11,900 ரூபாயில் வண்டியின் வயதுக்காகப் பத்து விழுக்காடு, அதாவது 1,190 ரூபாய் கழிந்தது. கூலியைச் சேர்த்து வந்த 11,910 ரூபாயில், ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் கழிந்தது. டேப்பைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சீட்டைப் பற்றி உண்டு: பிளந்த உறைக்குள் மழைநீர் புகுந்து உள்ளே இருக்கும் ஃபோம் ஊறிவிடும் என்பது சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரியும், அதைக் கீறலோடு சேர்த்து எண்ணியது சரியான தீர்ப்பு அல்ல. தேய்மானம் என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். பொருள் தேய்வதும் தேய்மானம், அதன் விலை மதிப்பு குறைவதும் தேய்மானம். பாலிசியில் முதலாவது விலக்கு, அதற்குக் காசே கிடையாது. இரண்டாவது கழிவு, காசு குறையும். கடிதத்தில் எந்தத் தேய்மானம் என்று பார்த்துக்கொண்டுதான் சண்டைக்குப் போக வேண்டும்.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை. தகவல் சொன்ன மறுநாளே சர்வேயர் அழைத்தார். பத்தொன்பதாம் நாள் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது திருட்டுப் பகுதி. 'விலக்குகள்' என்ற தலைப்பு பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போர், அணுக்கதிர், மது அருந்தி ஓட்டுதல், வாடகைக்கு விடுதல், டெலிவரி வேலைக்குப் பயன்படுத்துதல் எனப் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியவையே வரிசையாக நிற்கின்றன. உண்மையான விலக்கு மூன்றாம் பக்கத்தில், 'சொல் விளக்கம்' என்ற தலைப்பின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே 'திருட்டு' என்றால், அசைக்க முடியாத ஒரு பொருளோடு பூட்டப்பட்ட வண்டியை, பூட்டை உடைத்தோ பலத்தைப் பயன்படுத்தியோ எடுத்துச் செல்வது என்று எழுதியிருக்கிறது. நாமும் சட்டமும் திருட்டு என்று சொல்வது இதைவிட விரிவானது. நிறுவனம் சொல்லும் திருட்டு அதில் ஒரு துண்டு மட்டுமே. இப்படிச் சுருக்கிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. சரக்குத் திருட்டு தொடர்பான ஒரு வழக்கில், பாலிசியில் பலவந்தமாக உள்ளே நுழைவது நிபந்தனையாக இருக்கும்போது, பலவந்தம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர முடியாது என்று 2004இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. சொல்லின் பொருள் இரண்டு விதமாக இருந்தால்தான் ஐயத்தின் பலன் பாலிசிதாரருக்குப் போகும். தெளிவாக எழுதப்பட்ட சொல்லை நீதிமன்றம் நமக்காக வளைத்துத் தராது.

இதன் விளைவை எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் வழியாகப் பார்த்தேன். அவருடைய பாலிசி வேறொரு நிறுவனத்தினுடையது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், பின் சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்து வளையப் பூட்டால் பூட்டி நிறுத்தியிருந்தார். காலையில் வண்டி இல்லை, பூட்டும் இல்லை. திருடியவர் வண்டியை அப்படியே தூக்கி ஒரு வேனில் ஏற்றியிருக்க வேண்டும். காவல் நிலையத்தில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போட வைக்க மூன்று நாள் அலைந்தார். நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் இரண்டே காரணங்களைச் சொன்னது: வண்டி தூணோடு பூட்டப்படவில்லை, உடைந்த பூட்டு சமர்ப்பிக்கப்படவில்லை. திருடன் கொண்டுபோன பூட்டை இவர் எங்கிருந்து கொடுப்பார்? அவரிடம் இரண்டு சாவிகளும் பூட்டு வாங்கிய பில்லும் இருந்தன. ஆனால் தூணோடு பூட்டவில்லை என்ற முதல் காரணத்துக்கு அவரிடம் பதில் இல்லை. சக்கரத்தோடு மட்டும் பூட்டும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தை வைத்துப் பார்த்தால், திருட்டுக் காப்பீடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களில் பலரிடம் அது நடைமுறையில் இல்லை.

எஃப்.ஐ.ஆர். பற்றிப் பேசும்போது ஒரு நல்ல செய்தி. திருட்டைக் காவல் துறையிடம் உடனே தெரிவித்துவிட்ட ஒருவர், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வதில் தாமதித்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி உண்மையான கிளைமை மறுக்கக் கூடாது என்று, ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. என் பாலிசியில் 48 மணி நேரக் கெடு இருக்கிறது. கெடுவை மீறச் சொல்லவில்லை. மீறிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

திருட்டிலேயே இன்னொரு கிளை, துணைப் பொருள்கள். முன்விளக்கு, பின்விளக்கு, வேகமானி, சீட்டுப் பை ஆகியவை தனியாகத் திருடு போனால் காசு இல்லை; முழு வண்டியும் சேர்ந்து போனால்தான் உண்டு, அதுவும் அட்டவணையில் பெயரும் விலையும் எழுதியிருந்தால். இது இந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அல்ல. வீட்டுக்காப்பீட்டுத் தொகுப்புகளில் நெடுங்காலமாக இருந்துவரும் 'பெடல் சைக்கிள்' பிரிவிலும் இதே விதி உண்டு. அந்தத் தொகுப்பு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், தனி சைக்கிள் பாலிசி வாங்குமுன் அதை எடுத்துப் பாருங்கள். ஆனால் 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் திருட்டு என்பது தீ, வெள்ளம் போன்ற காப்பீடு செய்த நிகழ்வின் விளைவாக, ஏழு நாள்களுக்குள் நடந்தால் மட்டுமே சேரும். சும்மா ஒரு நாள் பார்க்கிங்கில் காணாமல் போன சைக்கிளுக்கு அது உதவாது.

அடுத்தது, படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்த விலக்கு. 'ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகம் அமைத்துக் கொடுத்தல், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஓட்டம் ஆகியவற்றில் நேரும் இழப்பு சேராது.' இந்த வரி மோட்டார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பிலிருந்து அப்படியே எடுத்துச் சைக்கிளில் ஒட்டப்பட்டது. காருக்கு இவை அரிதான செயல்கள், சைக்கிளுக்கோ அன்றாடம். குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் அவர் நிழலில் ஓட்டுவதே வேகம் அமைத்துக் கொடுத்தல்தான். பந்தயம் அல்லாத நெடுந்தூர ஓட்டமான பி.ஆர்.எம்.மில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. ஆனால் நேர வரம்புக்குள் குறித்த தூரத்தைக் கடக்கும் கழக ஓட்டங்களுக்கு இங்கிலாந்தில் 'நம்பகத்தன்மைச் சோதனை' என்றே பெயர். பந்தயம் இல்லை என்று வாதாடி முதல் சொல்லிலிருந்து தப்பினாலும், நான்காவது சொல்லில் மாட்டிக்கொள்வோம்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளம் சேரும், துரு சேராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்த பார்க்கிங்குகளில் நின்ற சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்த அன்று வண்டி நன்றாகத்தான் ஓடும். மிதிக்கும் அச்சிலும் சக்கரத்தின் ஹப்பிலும் இருக்கும் பேரிங்குகள் சில வாரம் கழித்துத்தான் கரகரவென்று சத்தமிடத் தொடங்கும். அப்போது போய்க் கேட்டால் அது வெள்ளமா, துருவா? வெள்ளத்தில் நின்ற வண்டியை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், உடனே படம் எடுத்துத் தகவல் சொல்லிவிடுவதே இதற்கு வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஆசையும் சிலருக்கு வரும். 68,000 ரூபாய் வண்டியை 50,000 என்று காட்டியிருந்தால், 10,000 ரூபாய்ச் சேதத்துக்கு அதே விகிதத்தில் சுமார் 7,353 ரூபாய்தான் கணக்கில் எடுக்கப்படும். அதற்குப் பிறகுதான் மற்றக் கழிவுகள் தொடங்கும். இந்த விதி விலக்குப் பக்கத்தில் இல்லை, பதினேழாம் பக்கத்து நிபந்தனைகளில் இருக்கிறது.

மறுப்பு வந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நண்பரை அங்கே போகச் சொன்னேன். தூணில் பூட்டாதது தன் தவறுதானே என்று அவர் விட்டுவிட்டார். பூட்டை ஒப்படைக்கவில்லை என்பதை ஒரு காரணமாக எழுதியதற்காகவாவது அவர் போயிருக்கலாம் என்பது என் கருத்து.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். விபத்துச் சேதத்துக்கு இந்தப் பாலிசி கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது. திருட்டுக்கு அதை நம்பி நான் கவனக்குறைவாக இருக்க மாட்டேன். புதுப்பிக்குமுன் நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். கட்டடத்தின் இரும்புக் கிராதி அசைக்க முடியாத பொருளா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று தெளிவான பதில் வந்தது. அதை அச்செடுத்துப் பூட்டு பில்லோடும் இரண்டாவது சாவியோடும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். வெள்ளத்துக்குப் பின் வரும் துருவைப் பற்றிக் கேட்டதற்கு 'பாலிசி வாசகத்தின்படி' என்ற இரண்டு சொல் பதில். பி.ஆர்.எம். ஓட்டம் சேருமா என்ற மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வண்டியின் மதிப்பை 58,000 என்று நிர்ணயித்துப் புதுப்பித்துவிட்டேன். அடுத்த மாத 200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.