வெளிநாட்டு விருந்தினருக்கு ஒரே நாள்: பெரிய கோயிலா, தாராசுரமா?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கும்பகோணம் அருகே உள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கும் இடையே சுமார் 40 கி.மீ. இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை: தஞ்சை 1987இல், தாராசுரம் 2004இல்.

பெரிய கோயில் 1010இல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்தது. விமானம் ஏறத்தாழ 216 அடி. பார்த்ததும் வாய் பிளக்க வைக்கும். ஆனால் பத்து மணிக்குப் பிறகு போனால் கருங்கல் தளம் சுடும். வெறுங்கால் பழக்கமில்லாதவர்கள் நான்கு படம் எடுத்துக்கொண்டு நிழலுக்கு ஓடிவிடுவார்கள். கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும் வீட்டையும் சொல்லும் கல்வெட்டைப் பார்க்காமலே திரும்புவது பெரிய இழப்பு. காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், தடித்த காலுறையோடு.

தாராசுரம் இரண்டாம் இராஜராஜன் காலத்தது. குனிந்து பார்க்க வேண்டிய கோயில். நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களில் ஓடுகின்றன. ஒரே தலை யானையாகவும் காளையாகவும் தெரியும் சிற்பத்தில் ஒரு பக்க உடலைக் கையால் மறைத்துக் காட்டுங்கள், கல்லைத் தொடாமல். கைப்பிசுக்கு படிந்து கல் கறுத்துப்போகும். தேர்ச்சக்கரத்தில் ஏறிப் படமெடுப்பவர்களைத் தயங்காமல் இறக்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் தாழ்ந்த முற்றத்தில் தண்ணீர் தேங்கும்.

இரண்டிலும் முழங்கால் மூடிய உடை வேண்டும், கருவறையைப் படமெடுக்கக் கூடாது, நண்பகலில் நடை சாத்துவார்கள்.

சிற்பத்தில் ஆர்வமுள்ளவர் என்றால் தாராசுரம்தான், அதுவும் மாலை நாலரைக்கு மேல்.