கோடெக் ஃப்ளாப்பி ஈமுலேட்டர்: வாங்கலாம், ஆனால் வந்தபடியே மாட்டாதீர்கள்

அமிகா 500 போன்ற பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ளாப்பிதான் தீராத தலைவலி. மதர்போர்டு சொன்ன பேச்சைக் கேட்கும், டிஸ்க் கேட்காது. பூஞ்சை பிடித்த ஒரு டிஸ்க்கைப் போட்டால் டிரைவின் ஹெட்டும் சேர்ந்து அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கெடுத்துவிடும். ஃப்ளாப்பி டிரைவ் போலவே நடிக்கும் கோடெக் இதற்கு நல்ல மாற்று: மூன்றரை அங்குல டிரைவின் அதே அளவு, அதே 34 பின் ரிப்பன் கேபிள், டிஸ்க்குக்குப் பதில் பென் டிரைவ்.

ஆனால் பெட்டியில் வந்தபடியே மாட்டினால் அமிகாவுக்கு அது உதவாது, ஏனென்றால் அதிலிருக்கும் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள்மென்பொருள்) பிசி ஃபார்மட்டுக்கானது. கீர் ஃப்ரேசர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற மாற்று ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகுதான் இதற்கு உயிர் வரும். அதை ஏற்ற யுஎஸ்பி-சீரியல் அடாப்டரோ, இருபக்கமும் யுஎஸ்பி-ஏ உள்ள கேபிளோ வேண்டும். முதல் தடவைதான் இந்தப் பாடு. அப்புறம் அப்டேட் ஃபைலைப் பென் டிரைவில் போட்டு, இரண்டு பட்டனையும் அழுத்தியபடி ஆன் செய்தால் வேலை முடிந்தது.

கூடவே வரும் மூன்று இலக்க டிஸ்ப்ளே சுத்த வேஸ்ட். எந்த எண் எந்த கேம் என்று யார் நினைவில் வைத்துக்கொள்வது? சின்ன ஓஎல்இடி திரையும் திருகும் குமிழும் சேர்த்துவிடுங்கள், ஃபைல் பெயரே ஓடும், நாலைந்து டிஸ்க் கேட்கும் கேமில் குமிழை ஒரு திருகு திருகினால் அடுத்த டிஸ்க். சின்ன பஸ்ஸர் ஒன்றையும் வைத்தால் ஹெட் நகரும் டிக் டிக் சத்தம்கூட வரும். இது தேவையா என்றால் தேவையில்லைதான், ஆனால் நான் அதைக் கழற்ற மாட்டேன்.

வேகம் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் டிஸ்க்கைத்தான் இது நடிக்கிறது, லோடிங் பழைய ஆமை வேகம்தான். அமிகா டிஸ்க்கின் நகலான ஏடிஎஃப் ஃபைலில் 880 கேபி தரவு மட்டும்தான் இருக்கும், அதனால் காப்பி புரொடெக்ஷன் (நகலெடுக்க விடாத தடுப்பு) உள்ள ஒரிஜினல் டிஸ்க்குகளுக்கு எச்எஃப்இ மாதிரி வேறு ஃபார்மட் தேவைப்படும். கேம் சேவ் ஆகும்போது பவரை அணைக்காதீர்கள், எழுதுவது நேராகப் பென் டிரைவுக்குப் போகிறது.

கேஸ் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். கோடெக்கின் யுஎஸ்பி ஓட்டையும் பட்டன்களும் அமிகா 500-இன் டிரைவ் திறப்போடு பொருந்தவே பொருந்தாது. அதற்காகக் கேஸை அறுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 3டி பிரிண்ட் செய்த மவுண்ட் இருக்கிறதே! கழற்றிய ஒரிஜினல் டிரைவையும் தூக்கிப் போடாதீர்கள். கோடெக்கை மாட்டுவதற்கு முன்பே, கையிலிருக்கும் சொந்த டிஸ்க்குகளை, ஃப்ளாப்பியை அப்படியே படித்துக்கொடுக்கும் கிரீஸ்வீசல் போர்டு வழியாக இமேஜ் ஃபைலாக எடுத்துவிடுவது நல்லது, அதற்குச் சாதாரண பிசி ஃப்ளாப்பி டிரைவே போதும்.