ராஸ்பெரி பை நேர சேர்வர்: இரண்டு மாரிக்குப் பிறகு

கணினியின் மணிக்கூட்டை ஓட்டும் படிகம் 20 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 20 பங்கு) பிசகினாலே மணிக்கூடு நாளுக்கு 1.7 விநாடி விலகிவிடும். இன்ரநெற்றில் நேரம் கேட்டுத் திருத்தலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு 4ஜி றவுட்டர்தான் வழி. கேள்வி போகவும் பதில் வரவும் ஒரே நேரம் எடுக்கும் என்பது, இன்ரநெற்றில் நேரம் கேட்கும் முறையான என்ரிபியின் கணக்கு. கேள்வி போகும் பக்கம் 60 மில்லிவிநாடி கூடச் சுணங்கினால், மணிக்கூட்டில் 30 மில்லிவிநாடி பிழை ஏறும். எத்தனை தரம் கேட்டாலும் அது வெளியே தெரியாது.

அதனால் ஜீபிஎஸ் செய்மதிகளிடமிருந்து நேரம் எடுத்து வீட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கும் சேர்வர் இது. இங்கே ஓடுவது ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினி, யூபிளாக்ஸ் நியோ எம்8 ஜீபிஎஸ் மொடியூல், வெளி அன்ரனா, நேரத்தைத் திருத்தும் மென்பொருளான குரோனி. மொடியூலில் பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு துடிப்பு) கால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பியில் செருகும் மலிவு ஜீபிஎஸ்களில் பெரும்பாலும் இராது. அவை இந்த வேலைக்கு உதவாது. மொடியூலின் ரிஎக்ஸ் (தரவு அனுப்பும்) வயர் பையின் 10ஆம் காலுக்கு, பிபிஎஸ் வயர் 12ஆம் காலுக்கு.

ஜீபிஎஸ் அனுப்பும் எழுத்து வரி இது எந்த விநாடி என்று மட்டும் சொல்லும்; விநாடி தொடங்கும் கணத்தைச் சொல்வது பிபிஎஸ் துடிப்பு. விநாடிக்கு 9600 பிற் வேகத்தில் 80 எழுத்து வரியொன்று வந்து முடியவே 83 மில்லிவிநாடி. அந்தச் சுணக்கத்தை அளந்து குரோனியில் ஓப்செற்றாக (ஈடுசெய்யும் வித்தியாசமாக)ப் போடாவிட்டால், துடிப்பை எந்த விநாடியோடு சேர்ப்பதென்று தெரியாமல் குரோனி அதை ஒதுக்கிவிடும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். சரியாக அமைந்தால் குரோனி காட்டும் நேர மூலங்களின் பட்டியலில் பிபிஎஸ் வரிக்கு முன்னால் நட்சத்திரம் விழும், பிசகு மைக்ரோவிநாடிகளில் நிற்கும். அன்ரனா வயரின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 10 மீற்றருக்குச் சுமார் 50 நானோவிநாடிதான்.

உண்மையான எதிரி உப்புக் காற்று. அன்ரனா மூட்டைக் கழற்றிப் பார்த்தால் நடு ஊசியில் பச்சைக் களிம்பு. சேர்வர் சட்டென்று நிற்காது. செய்மதிகள் ஒவ்வொன்றாகக் குறையும், அதனால் கவனிக்கத் தவறும். மாரி தொடங்கமுன் மூட்டைத் துடைத்து, தன்னோடு தானே ஒட்டும் றப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றுங்கள். அன்ரனாவை முகட்டுக்கு மேலே உயர்த்த வேண்டாம், ஐப்பசி இடி பொல்லாதது. பையைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் மத்தியானச் சூட்டில் படிகம் அலையும். உள்ளறையில் சுவரோடு வையுங்கள்.

பை 4இல் பற்றரி மணிக்கூடு இல்லை. கரண்ட் போய் வந்ததும் பழைய நேரத்தோடுதான் எழும்பும். முதல் சில திருத்தங்களில் பாய்ந்து சரிசெய்யக் குரோனிக்கு அனுமதி கொடுங்கள். சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் எஸ்டி காட் பழுதாகலாம்.

கருவிகளுக்கு நெற்வேர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில், நேர சேர்வருக்கான 42ஆம் தெரிவில் சேர்வர் முகவரியைப் போட்டாலும் வின்டோஸ் கண்டுகொள்ளாது, கையால்தான் கொடுக்க வேண்டும். கமரா றெக்கோடரில் நேரம் அரை மணி முந்தி நின்றால் சேர்வரைக் குறை சொல்லாதீர்கள். 2006 ஏப்ரலுக்கு முந்திய இலங்கை நேரம், அதாவது கிறீன்விச் நேரத்திலிருந்து 6 மணி வித்தியாசம், அதற்குள் இன்னும் இருக்கிறது. நேர வலயத்தைச் சென்னைக்கு (ஐந்தரை மணி வித்தியாசம்) மாற்றினால் சரி.