தரைக்கு என்ன போடலாம்: ஆத்தங்குடியா, ரெட் ஆக்சைடா, விட்ரிஃபைடா?

வீடு கட்டுபவர்கள் தரை வேலைக்கு வந்து சேரும்போது கையிருப்பு கரைந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள் என்பார்கள். கஃபே திறப்பவர்கள் இதற்கு நேரெதிர். போனில் சேர்த்து வைத்த படங்களைப் பார்த்துத் தரையை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் சமையலறை எங்கே வரும் என்று யோசிக்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தரையில் தினமும் என்ன சிந்தப் போகிறது, அதை யார் துடைக்கப் போகிறார்கள்?

அந்தக் கேள்வியை வைத்தே ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்சைடு பூச்சு, விட்ரிஃபைடு டைல்ஸ் மூன்றையும் பார்க்கலாம். மார்பிள், கிரானைட், மரத்தரை எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. இன்று வீட்டுக்கோ கடைக்கோ கொஞ்சம் ரசனையோடு தரை போட நினைப்பவர்கள் மாறி மாறித் தடுமாறுவது இந்த மூன்றுக்குள்தான்.

செய்முறையிலேயே குணம் தெரிந்துவிடும்

ஆத்தங்குடி, காரைக்குடிக்குப் பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே செய்யும் கல்லுக்குச் சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டை எண்ணெய் தொட்டுத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு இறங்குகிறது. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆக்சைடு கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் முதுகில் கலவையை வைத்துக் கரணையால் மட்டம் செய்து காயவிடுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடியிலிருந்து பிரியும்போது அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. ஒரு கல்லைக் கையில் எடுத்து இதழின் ஓரத்தைப் பாருங்கள். மயிரிழை அளவுக்காவது நிறம் எல்லை தாண்டியிருக்கும். கையால் செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நிறச் சிமெண்டை அச்சில் ஊற்றிக் கல் செய்யும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் வந்தது. 1922-இல் பம்பாயில் பாரத் ஃப்ளோரிங்ஸ் என்ற நிறுவனம் சுதேசி உணர்வோடு இதே வகைக் கற்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் கப்பலில் வரவழைத்த செட்டிநாட்டு வீடுகளுக்குள், பக்கத்து ஊர்க் கையால் செய்த கல்லும் சரிசமமாக இடம் பிடித்தது சின்ன விஷயமில்லை.

ரெட் ஆக்சைடு இன்னும் எளிமையானது. சிமெண்டில் இரும்பு ஆக்சைடு பொடியைக் கலந்து, தளத்தின் மேல் மெல்லிய பூச்சாக இழுத்து, கரணையாலேயே தேய்த்து மெருகேற்றுவது. அடிப்படையில் அது துருவின் நிறம்தான், அதனால் வெயில் பட்டு வெளுக்காது. பொருளுக்கு ஆகும் செலவு குறைவு, ஆனால் வேலை முழுக்கக் கொத்தனார் கையில். பூச்சு இறுகத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பலகை மேல் குந்தியபடி பின்னால் நகர்ந்துகொண்டே தேய்த்து முடிக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் திரும்பி வந்து தொட்ட இடம் திட்டாகத் தெரியும். பெரிய கூடம் என்றால் கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் விரிசல் தனக்குப் பிடித்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளும். அப்புறம் பாத்தி கட்டி, ஒரு வாரமாவது தண்ணீர் தேக்க வேண்டும். வயரிங் ஆளும் பெயிண்டரும் பொறுக்காமல் உள்ளே வருவது அந்த வாரத்தில்தான்.

விட்ரிஃபைடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. களிமண், சிலிக்கா, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் எல்லாவற்றையும் அழுத்திச் சுமார் 1200 டிகிரியில் சுட்டது. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிறது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள். இந்த ஒரு எண்தான் அதன் பலம் மொத்தமும்.

புளி, எலுமிச்சை, ஆசிட்

சிமெண்டுக்கும் புளிப்புக்கும் ஆகாது. மேல்பூச்சு இல்லாத ஆத்தங்குடிக் கல்லில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விழுந்து கொஞ்ச நேரம் கிடந்தால், துடைத்த பிறகு அந்த இடம் மட்டும் பளபளப்பு செத்து மங்கிப்போயிருக்கும். அது கறையில்லை, மேல்தோல் அரித்த இடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் நுரை பொங்குவது கண்ணுக்கே தெரியும். ரெட் ஆக்சைடும் இதே ஜாதிதான். மஞ்சள் தூள், எண்ணெய், டிகாஷன் மூன்றும் இரண்டிலும் இறங்கும். விட்ரிஃபைடு இதற்கெல்லாம் அசையாது. அதில் அழுக்குப் பிடிப்பது இணைப்புக் கோட்டில் மட்டும், அதையும் எபாக்ஸி என்ற கறை இறங்காத பசை வைத்து அடைத்துவிடலாம்.

ஆகவே சமையலறைக்கு விட்ரிஃபைடு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பான மேட் ரகம் போதும். குளியலறைக்கும் அதேதான். பளபள டைல்ஸில் சோப்புத் தண்ணீர் பட்டால், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கூடத்துக்கு வந்தால் கதையே வேறு. நம் வீடுகளில் தரையில் உட்காருகிறோம், மத்தியானம் தலையணை மட்டும் போட்டுப் படுக்கிறோம், கார்த்திகைக்கு மாக்கோலம் போடுகிறோம். வெள்ளை விட்ரிஃபைடில் மாக்கோலம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளையில் வெள்ளை தெரியாது, காய்ந்ததும் உதிர்ந்தும் போகும். அப்புறம்தான் ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டுகிறார்கள். சிவப்புத் தரையில் அரிசிமாவு இழை பிடித்து நிற்கும் அழகுக்குப் பக்கத்தில் எந்த ஷோரூம் டிசைனும் வராது. கூடம், பூஜை அறை, திண்ணை, மூன்றுக்கும் என் ஓட்டு ரெட் ஆக்சைடுக்கு. ஒரு நிபந்தனை: அந்தக் கொத்தனார் முன்பு போட்ட தரையை, அதுவும் சில வருடம் பழகிய தரையை, நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். சுமாராகப் போட்ட ரெட் ஆக்சைடைப் போல வீட்டை அசிங்கப்படுத்துவது வேறில்லை.

சிமெண்ட் தரை குளிர்ச்சி, டைல்ஸ் சூடு என்று ஒரு பேச்சு எப்போதும் ஓடும். காலுக்கு விட்ரிஃபைடும் ஜில்லென்றுதான் இருக்கும். மொட்டை மாடிச் சூடு இறங்கும் வீட்டில் எந்தத் தரை போட்டும் மே மாதத்தில் காப்பாற்ற முடியாது. அந்தக் காரணத்துக்காக மட்டும் யாரும் தரையை மாற்ற வேண்டாம்.

நாள் போகப் போக

விட்ரிஃபைடு மிக அழகாக இருப்பது போட்டு முடித்த அன்று. அதன்பின் அது மாறாமல் இருப்பதே அதன் பெருமை. ஆத்தங்குடியும் ரெட் ஆக்சைடும் போட்ட புதிதில் வெளிறி, சிமெண்ட் பால் படிந்து, இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று தோன்ற வைக்கும். நாலு பேர் நடந்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஈரத்துணி தினமும் பட்டால்தான் மெருகு ஏறும். பூட்டியே கிடக்கும் வீட்டில் அந்த மெருகு வராது. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் ஓதம் ஏறும் இடமென்றால் இன்னொரு தொல்லை: இந்த இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் ஈரத்தைத் தடுக்காததுதான் காரணம்.

ரிப்பேர் விஷயத்தில் வரிசை தலைகீழ். ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று செய்து வாங்கலாம், நிறம் மட்டும் ஒரு சாயல் மாறும். விட்ரிஃபைடில் அந்த டிசைனே அடுத்த வருடம் கடையில் இருக்காது. அதனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் ஷேடு எண்ணைப் பார்த்து, எல்லாப் பெட்டியும் ஒரே எண்ணாக வாங்கி, ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். ரெட் ஆக்சைடுக்கு ஒட்டு என்பதே கிடையாது. தண்ணீர்க் குழாய் கசிகிறதென்று பிளம்பர் ஒரு கோடு வெட்டினால், அந்தத் தழும்பு வீடு உள்ளவரை இருக்கும். குழாய்களை எல்லாம் சுவரிலேயே ஓட்டிவிட வேண்டும்.

விட்ரிஃபைடுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இடைவெளியே தெரியக்கூடாது என்று டைல்ஸ்களுக்கு நடுவே இடைவெளி விடும் ஸ்பேசர் துண்டுகளை வைக்காமல் ஒட்டச் சொல்வோம். ஒரு கோடையில் நடுக்கூடத்தில் இரண்டு டைல்ஸ் சத்தத்தோடு கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்ளும். விரிய இடமில்லாமல் ஒன்றை ஒன்று நெருக்கியதன் விளைவு. ஒட்டி முடித்ததும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் அடியில் பசை இல்லை என்று அர்த்தம்.

கஃபேயும் ஆபீசும்

கஃபேக்கு ஆத்தங்குடி என்பது இப்போது கிட்டத்தட்ட சம்பிரதாயமாகிவிட்டது. படத்தில் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் காபி மெஷின் பின்னாலும், கை கழுவும் இடத்திலும், லெமன் சோடா கலக்கும் கவுண்டரிலும் அதைப் போடுவது பணத்தைக் கரைப்பது. அங்கெல்லாம் மேட் விட்ரிஃபைடு போட்டுவிட்டு, ஆட்கள் உட்காரும் பகுதியில் மட்டும் ஆத்தங்குடியை விரிக்கலாம், அதுவும் கல்லுக்குள் இறங்கிக் கறையைத் தடுக்கும் சீலர் என்ற பூச்சு அடித்து. சீலர் ஒருமுறை அடித்தால் ஆயுசுக்கும் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், திரும்ப அடிக்க வேண்டிவரும். இரும்பு நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். இன்னொன்று, மூன்று தரையுமே சத்தத்தை அப்படியே திருப்பியடிக்கும். அழகான தரை, வெறும் சுவர், கண்ணாடிக் கதவு சேர்ந்த கஃபேயில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காமல் கத்த வேண்டியிருக்கும். திரைச்சீலை, புத்தக அலமாரி, மெத்தை வைத்த பெஞ்சு ஆகியவற்றுக்கும் பட்ஜெட்டில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

ஆபீஸ் என்றால் என் பதில் மூன்றில் எதுவுமில்லை. வாடகை இடத்தைக் காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். சக்கர நாற்காலி நாள் முழுக்க ஒரே இடத்தில் உருண்டு சிமெண்ட் தரையின் மெருகைத் தின்றுவிடும். வயர்கள் அடியில் ஓட, தளத்துக்கு மேலே தூக்கி அமைக்கும் ரைஸ்டு ஃப்ளோரும், அதன்மேல் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய கார்ப்பெட் டைல்ஸும்தான் அங்கே வேலைக்கு ஆகும், பேச்சுச் சத்தமும் அடங்கும். சனி ஞாயிறு ஏசி நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை திறந்தால் கடலோரச் சென்னையின் ஈரத்துக்கு ஒரு வாடை வரும், அது கார்ப்பெட்டோடு வரும் சீதனம். கற்பனையைக் காட்ட வேண்டுமென்றால் வரவேற்பறையில் காட்டலாம். அங்கே ஆத்தங்குடி போடுங்கள், சக்கரம் வைத்த எதையும் உள்ளே விடாதீர்கள்.

அச்சடித்த ஆத்தங்குடி

நாலாவதாக ஒன்று சந்தையில் இருக்கிறது: விட்ரிஃபைடு மேல் ஆத்தங்குடிப் பூவை டிஜிட்டலாக அச்சடித்தது. சமையலறையிலும் ஆத்தங்குடி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் சரியான சமரசம். கவுண்டர் பின்சுவருக்கும் போடலாம். கூடத்துக்கு மட்டும் வேண்டாம். நிஜக் கல்லில் நூறு பூ இருந்தால் நூறும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். இதில் பூவோடு சேர்த்து, பழசு மாதிரி காட்ட வரைந்த கீறலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

ஆர்டர் கொடுக்கும் முன்

எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால் அங்குலக் கனமுள்ள ஆத்தங்குடிக் கல் சதுர அடிக்குச் சுமார் நான்கு கிலோ வரும். 10-க்கு 12 அறைக்கு எட்டு அங்குலக் கல் 270 வேண்டும், கல் மட்டுமே அரை டன்னை நெருங்கும். அடியில் போடும் கலவை தனி. விட்ரிஃபைடு ஏறக்குறைய அதில் பாதி. அடுக்குமாடியில் பழைய தரையை உடைக்காமல் மேலேயே போடுவதானால் பொறியாளரிடம் கேட்காமல் ஆத்தங்குடிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். உயரத்தையும் அளந்து பாருங்கள். பசை வைத்து ஒட்டும் விட்ரிஃபைடு அரை அங்குலத்துக்குச் சற்று மேலே தரையை உயர்த்தும். கலவை மேல் உட்காரும் ஆத்தங்குடி இரண்டு அங்குலத்தைத் தாண்டும். கதவுகளை எல்லாம் அடியில் அறுக்க வேண்டும், பால்கனி, குளியலறை வாசல்களில் வாட்டமும் படியும் மாறும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தச்சரிடம் கதவு அறுக்கும் கூலியையும் கேட்டுச் சேர்த்தால்தான் விலையை ஒப்பிட முடியும்.