உரிமம் மீறும் நிறுவனம்: பெயரைப் போட்டு உடைப்பதா, தனியாகக் கேட்பதா?

திறமூல நிரலை, அதாவது யாரும் நிபந்தனையோடு எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட மென்பொருள் நிரலை, எடுத்துக்கொண்டு உரிம நிபந்தனையை மதிக்காத நிறுவனத்தை என்ன செய்வது?

செலவு: தனியாகக் கேட்டு எழுதும் கடிதத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பெயரை வெளியிடுவதும் இலவசம்தான். ஆனால் ஆதாரம் பிசகினால் அவதூறு வழக்கு நம் தலையில்.

வேகம்: கடிதம் கிடப்பில் கிடக்கலாம். பெயர் வெளியானால் சட்டப்பிரிவு விழித்துக்கொள்ளும்.

உறவு: இங்கேதான் சிக்கல். பல மீறல்கள் வெறும் கவனக்குறைவு. சிப் விற்றவர் தந்த நிரலை அப்படியே தங்கள் கருவியில் அடைத்திருப்பார்கள். அவர்களைச் சந்தியில் நிறுத்தினால் பேச்சு முறியும். 2007-இல் வந்த ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமம்கூட, முதல் மீறலை அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால், இழந்த பயன்பாட்டு உரிமையைத் திருப்பித் தருகிறது. பிஸிபாக்ஸ் என்ற திறமூல மென்பொருள் திட்டமோ, மீறியவர்களின் அவமானப் பட்டியலே வைத்திருந்தது!

முதல் தவறு என்றால் கடிதம். தெரிந்தே மழுப்புகிறார்களா? சரி, ஆதாரத்தோடு பெயரைப் போடுங்கள்.