விண்டோஸ் 11 ஹோம்: புது லேப்டாப்பில் மக்கர் பண்ணும் இடங்கள்

புது லேப்டாப் வாங்கினால் விண்டோஸ் 11 ஹோம் கூடவே வந்துவிடுகிறது. வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் பின்னால் போவதிலும் அர்த்தமில்லை. அப்படியானால் இதற்கு எதற்கு விமர்சனம்? முதல் வாரத்தில் "லேப்டாப் பழுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப்படும் பல விஷயங்கள் பழுதே அல்ல. மைக்ரோசாஃப்டும் லேப்டாப் கம்பெனியும் முன்கூட்டியே போட்டு அனுப்பும் செட்டிங்ஸ்தான் காரணம். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, உள்ளே உறுதியான சரக்கு. பெட்டியைப் பிரித்தபடியே அப்படியே ஓட்டினால்தான் தொல்லை. முதல் நாளில் ஒரு மணி நேரம் செலவழித்துச் சரிசெய்தால் நிம்மதியாக ஓடும்.

முதலில் கணக்கு. ஹோம் பதிப்பு ஆரம்பத்திலேயே இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். ஷிஃப்ட், எஃப்10 அழுத்திக் கறுப்புத் திரையில் ஏதோ டைப் செய்து தாண்டிப்போகும் குறுக்கு வழிகள் முன்பு இருந்தன. அவற்றை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது, அதில் மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே போங்கள். பிடிக்காவிட்டால் பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ வழியாக, இந்த லேப்டாப்பில் மட்டும் இயங்கும் லோக்கல் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு எரிச்சல் உண்டு: மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே உங்கள் ஃபோல்டரின் பெயராகிவிடும். அதை நேரடியாக ரீநேம் செய்ய முயன்றால் பல மென்பொருள்கள் வழி தெரியாமல் முறைக்கும். பெயர் அவ்வளவு முக்கியம் என்றால் வேண்டிய பெயரில் இன்னொரு லோக்கல் கணக்கைத் திறந்து, அதற்கு அட்மின் உரிமை கொடுத்து, பழையதை நீக்குவதுதான் பாதுகாப்பு.

அந்த முதல் திரையில் வைஃபை பட்டியலே வரவில்லையா? வைஃபை சிப்புக்கான டிரைவர், அதாவது அந்தச் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், உள்ளே இல்லை என்று அர்த்தம். விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமல் இணைப்பு வந்துவிடும்.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "கடைக்காரரே எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துட்டார்" என்றால், அவர் யாருடைய கணக்கைப் போட்டார் என்று கேளுங்கள். 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு முதல், புதிதாக அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனதும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பும் விதிவிலக்கல்ல. டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டு, 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். லேப்டாப் உங்களுடையது, சாவி கடைக்காரரின் கணக்கில்!

அன்றாடம் இது தெரியவே தெரியாது. டிஸ்க்கைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் காத்து நிற்கிறது. எல்லாம் வழக்கம்போல் இருந்தால் அதுவே திறந்துவிடும். பயாஸை (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, அதில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தாலோ, சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றினாலோ அதற்குச் சந்தேகம் வந்து நீலத் திரையில் 48 எண்களையும் கேட்கும். கையில் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் உதவி மையத்தாலும் எடுத்துத் தர முடியாது. டிஸ்க்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

செய்ய வேண்டியது எளிது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் போய்ப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதிக்குப் போய், உங்கள் லேப்டாப்பின் பெயருக்குக் கீழே உள்ள கீயை எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு பில்லோடு வையுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் மட்டும் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் அது. வேறொருவர் கணக்கில் அமைக்கப்பட்டிருந்தால் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, முழுவதும் பிரியும்வரை சார்ஜரில் விட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து திரும்ப ஆன் செய்யுங்கள். புதுச் சாவி உங்கள் கணக்கில் சேரும். பஸ்ஸிலும் ரயிலிலும் தூக்கிக்கொண்டு அலையும் லேப்டாப் என்றால் இந்தப் பூட்டு இருப்பதே நல்லது. வீட்டு மேஜையை விட்டு நகராது என்றால் அணைத்துவிட்டாலும் பெரிய குற்றமில்லை.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பற்றிச் சுருக்கமாக: கேட்டும் கேட்காமலும் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மேகத்தில் ஏற்றத் தொடங்கிவிடும். இலவச இடம் 5 ஜிபி மட்டும். நாலு கல்யாண வீடியோவில் நிரம்பி, காசு கட்டச் சொல்லி நச்சரிக்கும். டாஸ்க்பாரில் உள்ள மேக ஐகான் வழியாக செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப் போய் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்திய பின் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், இழுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த பெரிய புகார், மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சுடுகிறது, காலையில் சார்ஜ் இல்லை என்பது. பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 எனப்படும் பழைய வகை ஸ்லீப், அதாவது முழுத் தூக்கம், இல்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற புது முறையில் போன் போலவே அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். சொதப்பலான டிரைவர் ஒன்று விழித்துக்கொண்டால் போதும், விடிய விடிய ஓடும். தத்துவம் சரி, நடைமுறையில் இதுவே இந்த விண்டோஸின் பலவீனமான பகுதி. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்துக்குப் போங்கள். மங்கலாக இருக்கும் பெட்டிகளைத் திறக்க மேலே ஒரு நீல வரி இருக்கும், அதைத் தட்டி ஹைபர்னேட்டை (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) டிக் செய்யுங்கள். பிறகு மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றுங்கள். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகும், சார்ஜ் அப்படியே இருக்கும்.

அதே பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று இன்னொரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு முழுதாக அணைவதில்லை. டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எடுத்து ஓட்டுகிறது. நேற்று சிக்கிய ப்ளூடூத் இன்றும் சிக்கியே இருப்பது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், சிபியூ பகுதியில் அப்டைம் பல நாட்களாக ஓடியிருந்தால் குற்றவாளி பிடிபட்டான். ரீஸ்டார்ட் மட்டும் எப்போதும் முழுதாக அணைத்து எழுப்பும். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் மிச்சமாகும் நேரம் சொற்பம். லினக்ஸையும் சேர்த்துப் போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் அணைக்க வேண்டும்.

திரை விஷயத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகளை எல்லோரும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்குப் போனால் வெளிச்சம் தானாகக் குறைகிறதா? அது பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளேயில் பிரைட்னஸ் பக்கத்து அம்புக்குறியைத் தட்டினால், காட்சிக்கு ஏற்ப வெளிச்சம் மாற்றும் தேர்வு இருக்கும், ஆஃப் செய்யுங்கள். துடிக்கிறது, மினுக்குகிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு. அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருளின் வேலை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

டிரைவரை எங்கே எடுப்பது? லேப்டாப் கம்பெனியின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைப் போட்டு. அடுத்தபடியாக விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் ஆப்ஷனல் அப்டேட்ஸ். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். புது டிரைவருக்குப் பிறகுதான் தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் பிராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கத்தில் பழைய டிரைவருக்கே திரும்பும் ரோல் பேக் இருக்கிறது.

512 ஜிபி வாங்கினால் 476 காட்டுகிறதே என்றால், கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்பதும் பழுதல்ல. பேட்டரி ஆயுளுக்காகக் கம்பெனி மென்பொருளில் வைத்திருக்கும் வரம்பு அது. முதல் நாள் விசிறி இரைந்தால் சார்ஜரில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்டேட்டும் தேடல் பட்டியலும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. 8 ஜிபி ரேம் மட்டுமே இருந்தால் பிறகும் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதற்கு மருந்து செட்டிங்ஸில் இல்லை. வாங்கும்போதே 16 பாருங்கள்.

தமிழைப் பொறுத்தவரை பாராட்டத்தான் வேண்டும். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் கிடைக்கின்றன, தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி மாறிக்கொள்ளலாம். பழைய வேர்ட் ஃபைலில் லதா எழுத்துரு இல்லாமல் வரிகள் இடம் மாறினால், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தால் வந்துவிடும்.

அப்டேட் ஒன்று வந்து எல்லாம் குழம்பிவிட்டால், விண்டோஸ் அப்டேட்டின் ஹிஸ்டரி பக்கத்திலிருந்து அதை நீக்கி, ஐந்து வாரம்வரை நிறுத்தி வைக்கலாம். லேப்டாப்பே கிளம்பவில்லை என்றால், சுற்றும் புள்ளிகள் வரும்போது பவர் பட்டனை நீளமாக அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு வழியாகக் கடைசி அப்டேட்டை நீக்கலாம். விண்டோஸ் திறக்கிறது, ஆனால் கண்டபடி நடக்கிறது என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே சரிசெய்யும் ரீஇன்ஸ்டால் பட்டன் உள்ளது. மென்பொருள்களும் ஃபைல்களும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் மேலே புதிதாக உட்காரும். பலருக்குத் தெரியாத நல்ல வசதி இது. ரீசெட் அதற்கு அடுத்த கட்டம்தான். அதில் ஃபைல்களைக் காப்பாற்றலாம், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும்.

மெக்கானிக் யாராவது விண்டோஸின் இன்னொரு பதிப்பான "ப்ரோ போட்டுத் தருகிறேன்" என்றால் தடுத்துவிடுங்கள். ஹோம் பதிப்புக்கான லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. ஹோமையே திரும்பப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். ப்ரோ போட்டால் அந்தச் சாவி செல்லாது, கள்ளத்தனமான ஆக்டிவேட்டர்தான் உள்ளே வரும்.

கீபோர்டோ திரையோ தொந்தரவு செய்தால், விண்டோஸைத் தோண்டும் முன் பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே எழுத்து விழவில்லை, அதே கோடு தெரிகிறது என்றால் வன்பொருள் பழுது. அப்போது ரீசெட் செய்து நாளைக் கடத்தாமல், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போங்கள். போவதற்கு முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி டிஸ்க்கைத் துடைத்துவிடுங்கள்.