கடதாசி இல்லாத பில்லும் கொப்பிக் கடை அண்ணையும்

இலங்கையின் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் ட்ரெஷரி பில்லுக்கு, கடதாசி கிடையாது. 2004ஆம் ஆண்டிலிருந்து அது மத்திய வங்கியின் லங்கா செக்யூர் என்ற மின்பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். கையில் தருவதற்கு ஒன்றுமில்லை, கறையான் அரிப்பதற்கும் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை என் பெயரில் எழுதுவிப்பதற்கு யாழ்ப்பாணத்து வங்கிக் கிளை ஒன்று என்னிடம் வாங்கிய போட்டோக் கொப்பிகளை அடுக்கிக் கட்டினால், இருபது வருசம் இழுபட்ட காணி வழக்கின் கோவை மாதிரி இருக்கும்.

ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். கனடாவுக்கு வந்த புதிதில் தொழிற்சாலையில் நின்ற காலத்தில், சம்பளத்திலேயே மாதாமாதம் கழித்துக் கனடா சேமிப்புப் பத்திரம் வாங்குவோம். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வீட்டு முற்பணத்தை அதில்தான் சேர்த்தார்கள், மிச்சப் பாதி சீட்டில். அந்தப் பத்திரத்தை 2017இல் அரசாங்கம் நிறுத்திவிட்டது. இப்போது அங்கே ட்ரெஷரி பில் வாங்க வேண்டுமென்றால் முதலீட்டுக் கணக்கில் நாலு தரம் தட்டினால் போதும், மனிசரின் முகம் பார்க்கவே தேவையில்லை. நான் ஊருக்குப் போன நேரம் அங்கே கிடைத்தது இரண்டரை வீதத்தை ஒட்டி. ஊரில் அதே ஒரு வருட பில் எட்டு வீதத்தை ஒட்டி ஓடியது. அதாவது பத்து இலட்சம் ரூபா முகப்பெறுமதி உள்ள 364 நாள் பில்லை ஒன்பது இலட்சத்து இருபத்தாறாயிரம் போலக் கொடுத்து வாங்கலாம். வட்டி என்று தனியாக ஒன்றும் வராது. முடிவில் முழுப் பத்தும் வரும், இடையில் உள்ளதுதான் லாபம்.

எட்டைக் கண்டதும் ஓடத் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரம் ரூபாவில் காசு வைத்திருந்தவனுக்கு எட்டு வீதம் எந்த மூலைக்கு? ஆனால் அம்மாவின் மருந்துச் செலவும் வீட்டுக் கூரையும் ரூபாவில்தான் வரப்போகின்றன. அந்தளவு காசை அங்கேயே வைப்பதில் பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து போகிறவர்களுக்கு உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. காசு வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்து அதில் விழ வேண்டும். அப்போதுதான் பிறகு தடையில்லாமல் திருப்பி எடுக்கலாம். அது போன முறையே திறந்தாயிற்று, காசும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல இருப்பது கொப்பிக் கதை.

நல்லூர்க் கொடியேறின கிழமை. வங்கிக்குள் ஏசி குளிர்ந்தது, நல்ல கதிரைகள், மெஷினில் இலக்கத் துண்டு வந்தது. நூலில் கட்டிய பேனை மட்டும் அதே பேனை. பழைய காலத்தில் ஒரு கவுண்டரில் காட்டி, மற்றதில் கையெழுத்துச் சரிபார்த்து, பித்தளைத் துண்டோடு மூன்றாவதுக்கு ஓடுவோமே, அதெல்லாம் போய்விட்டது. எனக்குச் சந்தோசம்தான்.

என் இலக்கம் வந்தது. மேசையில் இருந்தது இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, கெட்டிக்காரி.

"ட்ரெஷரி பில் போடவேணும் பிள்ளை. ஒரு வருசத்துக்கு."

"எஃப்டி போடுங்கோவன் அங்கிள், அது லேசு."

"இல்லைப் பிள்ளை, பில்தான்."

ஒரு சின்ன மூச்சு விட்டாள். லாச்சியைத் திறந்து நாலு படிவம் எடுத்தாள். "பாஸ்போட் கொப்பி, ஐசி கொப்பி, வெளிநாட்டு விலாசத்துக்கு ஒரு அத்தாட்சி. கொண்டு வந்தனீங்களோ?"

எல்லாவற்றின் மூலமும் என் கையில் இருந்தது. நீட்டினேன்.

"கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ அங்கிள். முன்னாலை கடை இருக்கு."

அவளுடைய கதிரைக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், ஆளுயரத்துக்கு ஒரு கொப்பி மெஷின் பச்சை வெளிச்சத்தோடு நின்றது. 'ஊழியர் பாவனைக்கு மட்டும்' என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள். அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கிற நிறுவனம், எனக்கு ஒரு கொப்பி அடித்துத் தராது. ஸ்காபரோவில் என் வங்கிக்காரர் எத்தனை விதமாகக் காசு பிடுங்கினாலும் இதற்கு வெயிலுக்குள் விரட்ட மாட்டார்கள்.

வீதியைக் கடந்தேன். உங்களுக்குத் தெரிந்த கடைதான்: ஒரு மெஷின், ஒரு லமினேற்றிங், சுவரில் ரீலோட் விளம்பரங்கள், வாசலில் வரிசை. முன்னுக்கு ஓ.எல். பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் அடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஐயா காணி உறுதியை மடிப்பு விரித்துப் பிடித்தபடி. எனக்கு முறை வந்தது, அடித்தேன், திரும்பிப் போனேன்.

"அங்கிள், ஐசியின்ரை ரெண்டு பக்கமும் ஒரே பக்கத்திலை வரவேணும்."

திரும்ப வீதி. திரும்ப வரிசை. திரும்ப வங்கி, புது இலக்கம்.

"பாஸ்போட்டிலை முகம் கறுப்பா விழுந்திட்டுது. கொழும்பிலை ஏற்க மாட்டினம்."

என் முகம் அப்படித்தான் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிக்கிற நிலையில் அவளும் இல்லை, நானும் இல்லை. படிவம் கிளையிலிருந்து கொழும்புத் தலைமையகத்தின் திறைசேரிப் பிரிவுக்கு ஸ்கான் பண்ணிப் போகிறதாம். அங்கே இருக்கிறவருக்கு முகம் தெளிவில்லை என்றால் கோவை திரும்பி வரும். அதாவது நான் வெயிலில் எடுத்த கொப்பியை இவள் ஸ்கான் பண்ணுவாள். என் மூலப் பாஸ்போட்டையே அவள் ஸ்கான் பண்ணியிருந்தால்? கேட்டேன். "நடைமுறை அங்கிள்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. "எஃப்டிக்கு என்னென்ன கொப்பி பிள்ளை?"

"உங்கடை கணக்கு இருக்குத்தானே, ஒண்டும் தேவையில்லை. கையெழுத்து மட்டும்."

விளங்கியது. நான் எஃப்டி என்கிற நிலையான வைப்புப் போட்டால் என் காசை வங்கி தன் கையில் வைத்துப் புழங்கலாம், பிறருக்குக் கூடின வட்டிக்குக் கொடுக்கலாம். பில் வாங்கினால் அது அரசாங்கத்திடம் போகிறது, வங்கிக்கு இடையில் ஒரு கிள்ளு மட்டும். கிளை முழுக்கச் சிரிக்கிற கிழவன் கிழவி படத்தோடு வைப்புக் கணக்கு விளம்பரங்கள் தொங்கின. திறைசேரி உண்டியலைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. வழி அப்படி வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். கனடாவிலும் இதே கதைதான், ஆனால் அங்கே செய்கிற தந்திரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே வீதியில் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது நன்றாகவே தெரிகிறது.

மறுபடி கடைக்குப் போனபோது வரிசை குறைந்திருந்தது. கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயதிருக்கும், சேட்டுப் பையில் இரண்டு கண்ணாடி.

"அண்ணை, பில் போடவோ வந்தனீங்கள்?"

"ஓமண்ணை, எப்படித் தெரியும்?"

"பாஸ்போட்டோடை மூண்டுதரம் ரோட்டைக் கடக்கிறவை எல்லாம் அதுக்குத்தான். பிள்ளை உங்களுக்கு முழுக்கச் சொல்லியிராது. தாங்கோ." என் பாஸ்போட்டை வாங்கி, மெஷினில் வெளிச்சத்தை இரண்டு படி கூட்டி, முகம் துலங்க அடித்தார். ஐசியை ஒரு பக்கம் அடித்து, கடதாசியைத் திருப்பாமல் தள்ளி வைத்து மற்றப் பக்கத்தையும் கீழே விழுத்தினார். "கனடா விலாசத்துக்குக் கரண்ட் பில் இருக்கோ?"

"போனிலை இருக்கு."

"வைபரிலை போட்டு விடுங்கோ. எல்லாத்திலையும் ரெண்டு செற் அடிக்கிறன். ஒரு செற் இஞ்சை, ஒரு செற் கொழும்புக்கு. இதை அவை கடைசியாத்தான் சொல்லுவினம்."

அந்த வங்கியின் விசாரணைப் பிரிவே வீதிக்கு மறுபக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது.

"எத்தினை நாளுக்குப் போடுறியள், 364ஓ? நான் 91தான். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வீதத்தைப் பாத்துப் பாத்துச் சுத்துவன்." அவரும் பில்காரர்! மெஷின் சூடு ஆறட்டும் என்று நிறுத்திவிட்டுக் கதை சொன்னார். 2022 கடைசியில் 91 நாள் பில் 30 வீதத்தைத் தாண்டி நின்றபோது, இருந்த வைப்பை முறித்து அதில் போட்டாராம். வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று அரசாங்கம் அந்த வருசம் ஏப்ரலில்தான் கையை விரித்திருந்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. "மனிசி பேசின பேச்சை உங்களுக்குச் சொல்லேலாது அண்ணை."

பேச்சைவிட மோசம் 2023 ஜூன் கடைசி. உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கப் போகிறார்கள் என்று கதை. வியாழன் ஹஜ் பெருநாள், வெள்ளி விசேட வங்கி விடுமுறை, சனி ஞாயிறு, திங்கள் போயா. ஐந்து நாள் வங்கி பூட்டு. "அந்த அஞ்சு நாளும் நான் கடை திறந்தனான், ஆனா என்ன அடிச்சனான் எண்டு தெரியாது." கடைசியில் சனத்தின் கையில் இருந்த உண்டியல்களைத் தொடவில்லை, வங்கி வைப்புகளையும் தொடவில்லை. மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்களையும் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த முறிகள் என்கிற அரச கடன் பத்திரங்களையும்தான் நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். இவருடைய பில்கள் சொன்ன நாளில் முழுதாக வந்தன. பெட்டை அந்தக் காசில்தான் கம்பஸ் படிக்கிறாள் என்றார். இப்போது அவருக்கு ஒரே கோபம் 2025 ஏப்ரலில் வட்டிக்குப் பிடிக்கிற வரியை 5 வீதத்திலிருந்து 10 ஆக்கியது.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியமான விசயம். "என்ன வீதம் தாறினம் எண்டு கேட்டனீங்களோ?"

கவுண்டரில் ஒரு வீதம் சொல்லியிருந்தார்கள், அதுதான் விலை என்று நினைத்திருந்தேன். அவர் தன் போனை எடுத்து மத்திய வங்கியின் இணையத்தளத்தைத் திறந்தார். ஏலம் புதன்கிழமை, அன்றைக்கே ஒவ்வொரு தவணைக்கும் நிறையளிக்கப்பட்ட சராசரி வீதம் வெளிவரும், காசு கைமாறுகிற தீர்வு வெள்ளிக்கிழமை. வங்கி முதனிலை வணிகராக, அதாவது ஏலத்தில் நேரே கேட்க அனுமதி உள்ள ஆளாக, ஏலத்தில் எடுத்து எங்களுக்குக் கொஞ்சம் குறைத்துத் தருகிறது. "எவ்வளவு குறைக்கிறது எண்டது உங்கடை வாயிலைதான் இருக்கு. இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கோ." காட்டுவதற்கு அதையும் ஒரு கொப்பி அடித்துத் தந்தார்.

போனேன், காட்டினேன். பிள்ளை தயங்கிவிட்டுக் கொழும்புக்கு ஃபோன் எடுத்தாள். சிங்களத்தில் கொஞ்சநேரம் கதைத்தாள். வீதம் ஏறியது. பெரிய ஏற்றமில்லை, ஆனால் முழு வருசத்துக்கும் கணக்குப் பார்த்தால் அன்றைக்குக் கொப்பிக்குக் கொடுத்த காசைப் போலப் பல மடங்கு. கனடாவில் எந்தத் திரையோடு நான் பேரம் பேசுவது? அங்கே தட்டினால் விலை வரும், பிடித்தால் எடு, இல்லாவிட்டால் விடு. இங்கே ஃபோன் எடுத்துக் கேட்டுப் பார்க்க ஒரு ஆள் இருந்தாள், கேள் என்று சொல்லித்தர இன்னொரு ஆள் இருந்தார். அதுவரைக்கும் இருந்த எரிச்சல் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதி இன்னும் இருக்கிறது.

இரண்டு செற் கொப்பியையும் வைத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆர் சொன்னது அங்கிள்?" என்றாள். முன்கடை என்றேன். முதன்முறையாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது, "புத்தகம் எங்கை?" வங்கியில் காசு போட்டால் ஒரு புத்தகம் தருவார்கள், அதை அலுமாரியில் சேலைக்கு அடியில் வைப்பது என்பது அவவுடைய கணக்கு. புத்தகம் இல்லை, மத்திய வங்கியில் பதிவிருக்கிறது என்றேன். "ஒண்டும் தராமலோ இவ்வளவு காசையும் வாங்கினவங்கள்?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. அவவைச் சமாதானப்படுத்த நான் எடுத்த பாடு தனிக்கதை.

போகிறவர்களுக்கு ஒன்று. படிவத்தில் முதிர்வில் என்ன செய்வது என்று ஒரு கட்டம் இருக்கும். தானாக மறுமுதலீடு என்பதில் அவர்களே புள்ளடி போட்டுத் தர வருவார்கள். அப்படி விட்டால் அன்றைய வீதம் எதுவோ அதற்கு ஓடும், கேட்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். நான் கணக்கில் வரவு வை என்று எழுதிவிட்டு வந்தேன்.

வந்து சேர்ந்த பிறகு கனடா வரிக் கணக்கில் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்று கிளைக்கு மின்னஞ்சல் போட்டேன். உடனே பதில் வந்தது, பாராட்டத்தான் வேண்டும். கோரிக்கையைக் கைப்பட எழுதி, கையொப்பமிட்டு, கடவுச்சீட்டின் தெளிவான பிரதியுடன் நேரில் சமர்ப்பிக்கட்டாம். கொப்பிக் கடை அண்ணைக்கு வைபரில் பாஸ்போட்டை அனுப்பியிருக்கிறேன்.